விலை கேட்கிறோம், விலாசம் கேட்பதில்லை

வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தால் நம் ஊரில் அதற்கு மூன்று விதமான வரவேற்பு உண்டு. முதல் ஆள் கற்பூரத்தோடு வருவார். இரண்டாவது ஆள் விலை கேட்டு வருவார். மூன்றாவது ஆள் அதிகாரத்தில் இருப்பவர். அவர் வரமாட்டார், அறிக்கை விடுவார்.

நாலாவதாக ஒருவர் வரவேண்டும். கையில் ஒரு பூதக்கண்ணாடியும் நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டு, 'இது எந்த ஊர்க் கல்? எப்போது விழுந்தது? யார் பார்த்தது?' என்று கேட்கவேண்டும். அவர் பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் கூட்டம் அவருக்கு வழிவிடுவதில்லை.

கற்பூரக்காரர் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. எண்ணெய் அபிஷேகம் செய்யாதவரை அவரால் கல்லுக்கு ஆபத்தில்லை. பத்திரமாகவே வைத்திருப்பார். என் சண்டையெல்லாம் மற்ற இரண்டு பேரோடுதான்.

மதுரைக்குத் தெற்கே கப்பலூர். நான்குவழிச் சாலையில் பறக்கிறவர்களுக்கு அது ஒரு டோல்கேட். மதுரைக்காரர்களுக்கு சிட்கோ தொழிற்பேட்டை. அங்கிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பிளாட்டில் அஸ்திவாரம் தோண்டியபோது கறுப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்ததாம். யாரோ ஒரு புரோக்கர் வந்து பார்த்துவிட்டு, 'இது செவ்வாய் கிரகத்துக் கல்லுண்ணே. ஃபாரின் பார்ட்டி ரெடியா இருக்கு. டெஸ்ட்டுக்கு மட்டும் நீங்க நாற்பதாயிரம் கட்டிடுங்க' என்றாராம். நிரூபிப்பதற்காகப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கல்லில் வைத்தாராம். டப்பென்று ஒட்டிக்கொண்டதாம். 'கட்டலாமா சார்?' என்று கேட்கிறார் வாசகர்.

கட்டாதீர்கள். காந்தம் அப்படி டப்பென்று ஒட்டியதே, அது ஒன்றே போதும். செவ்வாய்க் கல்லில் உலோக இரும்பு கிட்டத்தட்ட இல்லை. காந்தத்துக்கு அது கொஞ்சம் அசைந்து கொடுக்கலாம், பாய்ந்து வந்து ஒட்டாது. புரோக்கர் காட்டிய சாட்சி அவருக்கு எதிரான சாட்சி. பட்டறையும் உலையும் இருக்கிற பக்கமெல்லாம் இரும்பு உருக்கிய கசடு மண்ணுக்குள் கிடக்கும். கறுப்பாக இருக்கும், கனமாக இருக்கும், காந்தம் ஒட்டும். உலகம் முழுக்க 'விண்கல் கிடைத்துவிட்டது' என்று மியூசியங்களுக்கு ஓடி வருகிறவர்கள் அதிகம் கொண்டுவருவது இந்தக் கசடைத்தான்.

இந்தப் புரோக்கரை நமக்கு ஏற்கெனவே தெரியும். கோயில் கலசத்தில் இடி விழுந்து இரிடியமாக மாறிவிட்டது, அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி, படித்தவர்களையும் ரிட்டயர்டு ஆசாமிகளையும் மொட்டையடித்தாரே, அவருடைய பங்காளிதான் இவர். வேடிக்கை என்னவென்றால், இரிடியம் விண்கல் ஆராய்ச்சியில் நிஜமாகவே முக்கியமான உலோகம். பூமியின் மேலோட்டில் அது மிகமிகக் குறைவு. பல விண்கற்களில் அதைவிடப் பல மடங்கு அதிகம். 1980-ல் அல்வாரெஸ் என்ற அப்பாவும் பிள்ளையும், இத்தாலியில் ஒரு மெல்லிய களிமண் அடுக்கில் இரிடியம் எக்கச்சக்கமாக இருப்பதைக் காட்டித்தான், ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய விண்பாறை வந்து மோதியது என்றார்கள். டைனோசார்கள் அழிந்த கதைக்கு அதுதான் துப்பு. அங்கே இரிடியம் ஒரு கண்டுபிடிப்பாயிற்று. இங்கே ஒரு செக்ஷனாயிற்று: 420.

சரி, செவ்வாய்க் கல் என்று ஒன்று உண்மையிலேயே உண்டா? உண்டு. அதுவும் நம் நாட்டில் விழுந்திருக்கிறது. பீகாரில், கயா பக்கம் ஷெர்காட்டி என்ற ஊரில், 1865 ஆகஸ்ட் 25-ம் தேதி காலையில் சுமார் ஐந்து கிலோ எடையில் ஒரு கல் விழுந்தது. பார்த்தவர்கள் இருந்தார்கள். தேதி எழுதப்பட்டது. கல் ஒப்படைக்கப்பட்டது. ஒரு துண்டு வியன்னாவுக்குப் போய், அங்கே குஸ்தாவ் செர்மாக் என்ற கனிமவியல் அறிஞர் கைக்குக் கிடைத்தது. அவர் 1872-ல் அதற்குள் கண்ணாடி மாதிரி ஒரு பொருள் இருப்பதைக் கண்டு, மாஸ்கெலினைட் என்று பெயர் வைத்தார்.

அது என்ன கண்ணாடி? நம் கருங்கல்லில் வெள்ளையாகத் தெரிகிறதே ஃபெல்ட்ஸ்பார், அந்தக் குடும்பத்துக் கனிமம்தான். வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் மூன்று லட்சம் மடங்கு அழுத்தத்தில் ஓர் அடி விழுந்தால், அதன் படிகக் கட்டுமானம் நொறுங்கிக் கண்ணாடியாகிவிடும். அதாவது, இந்தக் கல் எங்கேயோ பயங்கரமாக அடி வாங்கியிருக்கிறது. ஆனால் எங்கே என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கேள்வி காத்திருந்தது. பிறகு கல்லின் வயதைக் கணக்கிட்டார்கள். சாதாரண விண்கல்லுக்கு வயது 450 கோடி ஆண்டுக்கு மேல். சூரியக் குடும்பம் பிறந்தபோதே பிறந்த கற்கள் அவை. ஷெர்காட்டிக் கல்லோ சுமார் 17, 18 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த எரிமலைக் குழம்பு. கைக்குழந்தை! அவ்வளவு சமீபத்தில் எரிமலை கொதிக்க வேண்டுமானால் அது சின்னஞ்சிறு விண்பாறையாக இருக்க முடியாது. உள்ளே சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்கிற அளவுக்குப் பெரிய உடம்பு வேண்டும். கிரகம் வேண்டும். எந்தக் கிரகம்?

பதில் அண்டார்டிகாவிலிருந்து வந்தது. அங்கே பனியில் எடுத்த, ஷெர்காட்டியின் சாதியைச் சேர்ந்த இன்னொரு கல்லில் கறுப்புக் கண்ணாடித் துளிகள் இருந்தன. அடிவாங்கிய நேரத்தில் அந்த ஊர்க் காற்று கொஞ்சம் அந்தக் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. 1983-ல் நாசாவின் டொனால்ட் போகார்டும் பிராட் ஜான்சனும் அந்தக் காற்றை வெளியே எடுத்து அளந்தார்கள். 1976-ல் வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயில் இறங்கி அங்குள்ள காற்றை அளந்து அனுப்பிய கணக்கு ஏற்கெனவே கையில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பொருந்தியது.

விலாசம் கிடைத்துவிட்டது. செவ்வாயில் ஏதோ ஒரு விண்பாறை மோதி, விநாடிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தூக்கி எறியப்பட்ட கல், சில லட்சம் அல்ல, இருபது முப்பது லட்சம் ஆண்டுகள் வெளியில் சுற்றிவிட்டு, கயா ஜில்லாவில் வந்து இறங்கியிருக்கிறது. இன்றைக்கு உலகத்தில் கிடைத்திருக்கிற செவ்வாய்க் கற்களில் பெரும்பாலானவை சேர்ந்த வகைக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கிற பெயர் 'ஷெர்காட்டைட்'. ஒரு பீகார் ஊரின் பெயர். அந்தக் கல்லின் பெரும்பகுதி கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காப்பில் இருக்கிறது. நம் பாடப்புத்தகம் படித்த எத்தனை பேருக்கு இது தெரியும்?

கவனியுங்கள். 1865-ல் அந்த ஊர்க்காரர்களுக்கு செவ்வாய் பற்றித் தெரியாது. ஐசோடோப் தெரியாது. கல் விழுந்ததைப் பார்த்தார்கள், பார்த்ததைச் சொன்னார்கள், கல்லை மறைக்கவில்லை. அவ்வளவுதான். 118 வருஷம் கழித்து அந்தக் கல் பேசியதற்கு அந்த நேர்மைதான் முதல் காரணம். கிராமத்து ஆளை மூடநம்பிக்கைக்காரன் என்று சுலபமாகக் கிண்டலடிக்கிற நாம், இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மதுரைக்கே ஒரு கல் உண்டு. செவ்வாய்க் கல் அல்ல, ஆனால் அதைவிட வயசானது. 1857 பிப்ரவரி 28, பெருநாழியில் இரண்டு கற்கள் விழுந்தன. மொத்தம் 77 கிலோவுக்கு மேல். பெருநாழி இன்று ராமநாதபுரம் மாவட்டம். அன்று மதுரை ஜில்லா. கப்பலூரிலிருந்து நேர்கோடு போட்டால் எண்பது கிலோமீட்டருக்குள்தான். வெள்ளைக்காரர் வாயில் பெருநாழி நுழையாமல் 'பார்னல்லி' ஆயிற்று. அந்தப் பெயரில்தான் உலக விண்கல் பட்டியலில் இருக்கிறது. சூரியக் குடும்பம் உருவானபோது மிதந்த உருகிய துளிகள் அப்படியே உறைந்து, குண்டுமணி குண்டுமணியாக அதற்குள் இருக்கின்றன. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அடிக்கடி அடிபடுகிற கல் அது. பெருங்கல் எங்கே? லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்.

அதைத் திருப்பிக் கொடு என்று நான் கொடி பிடிக்கப் போவதில்லை. அங்கே பத்திரமாக இருந்தது, ஆராயப்பட்டது. என் கேள்வி வேறு. பெருநாழியில் அந்தக் கல் விழுந்ததற்கு அடையாளமாக ஒரு பலகை உண்டா? மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் போய்ப் பார்க்க அதன் ஒரு துண்டு, துண்டு வேண்டாம், ஒரு பிளாஸ்டர் நகலாவது உண்டா? திருவிழாவுக்கு வைக்கிற கட்-அவுட்டில் நூறில் ஒரு பங்கு செலவாகாத காரியம் இது.

இனி மூன்றாவது ஆளிடம் வருவோம். அறிக்கைக்காரர்.

2016 பிப்ரவரி 6. அன்றைய வேலூர் மாவட்டம், நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிச்சத்தம். ஒரு பஸ் டிரைவர் இறந்துபோனார். சிலருக்குக் காயம். ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன, தரையில் ஒரு சிறு பள்ளம். மறுநாளே முதலமைச்சர் ஜெயலலிதா, விழுந்தது விண்கல் என்று அறிக்கை விட்டு, குடும்பத்துக்கு ஒரு லட்ச ரூபாய் அறிவித்தார். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி: 'விண்கல் தாக்கி இறந்த முதல் மனிதர்!'

ஒரு சோதனையும் முடியவில்லை. ஒரு துண்டு கல்லின் குறுக்குவெட்டைக்கூட யாரும் நுண்ணோக்கியில் பார்க்கவில்லை. அதற்குள் தீர்ப்பு எழுதியாயிற்று. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரி இருக்கிறது என்றார்கள். சர்வதேச விண்கல் பட்டியலில் அப்படி ஒரு கல் இன்றுவரை ஏறவில்லை.

'போகட்டும் சார், ஒரு அறிக்கை தப்பாப் போச்சு, அதுக்கென்ன?' என்று கேட்பீர்கள். அதுக்கென்ன இல்லை. ஒரு மனிதர் செத்துப்போயிருக்கிறார். தரையில் ஏதோ வெடித்து அவர் செத்தார் என்றால், அது என்ன, யார் வைத்தது, யார் கவனிக்காமல் விட்டது என்று வரிசையாகக் கேள்விகள் வரும். ஆகாயத்திலிருந்து கல் விழுந்து செத்தார் என்றால் ஒரு கேள்வியும் வராது. ஆகாயத்தின் மேல் யார் எஃப்.ஐ.ஆர். போடுவது? சோதிக்காமல் சொன்ன ஒரு வார்த்தை, கேட்கவேண்டிய கேள்விகள் அத்தனையையும் முதல் நாளே பின்னுக்குத் தள்ளிவிட்டது. கல்லின் விலாசத்தைத் தப்பாக எழுதினால் அது கல்லோடு போவதில்லை. ஒரு குடும்பத்துக்குச் சேரவேண்டிய நியாயத்தின் விலாசமும் தப்பிப்போகிறது.

உடனே சிலர், 'அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?' என்பார்கள். நியாயமான கேள்வி. 1996 ஆகஸ்டில், அண்டார்டிகாவில் எடுத்த இன்னொரு செவ்வாய்க் கல்லில் நுண்ணுயிரின் தடயம் இருக்கிறது என்று நாசா குழு ஒன்று சொன்னது. ஜனாதிபதி கிளின்டனே வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நின்று அதைப் பற்றிப் பேசினார். ஆனால் 'இது உறுதியானால்' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தக் கல்லை உலகத்து விஞ்ஞானிகள் துவைத்துக் காயப்போட்டார்கள். அதில் இருந்த கார்பனேட்டும் காந்தத் துகள்களும் உயிர் இல்லாமலேயே உருவாகலாம் என்று ஒருவர் பின் ஒருவராகக் காட்டினார்கள். 2022-ல் வந்த ஆய்வு, அதிலுள்ள கரிமப் பொருள்கள் தண்ணீரும் பாறையும் கலந்த வேதிவினையாலேயே வந்திருக்க முடியும் என்றது. இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் அந்த உயிர்க்கதையை ஏற்பதில்லை. ஜனாதிபதி பேசிவிட்டாரே என்று யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். பெரியவர்கள் அவசரப்படுவது எல்லா ஊரிலும் உண்டு. 'இருங்க, சோதிச்சுப் பார்ப்போம்' என்று சொல்கிற ஆளுக்கு மரியாதை உண்டா என்பதுதான் கேள்வி.

நம் நாட்டிலும் ஒழுங்காக நடந்திருக்கிறது. 2008 செப்டம்பரில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சூளகிரியில் நூறு கிலோவுக்கு மேல் விண்கல் விழுந்தது. ஆய்வு செய்யப்பட்டு, சூளகிரி என்ற பெயரோடு சர்வதேசப் பட்டியலில் ஏறியது. 2022 ஆகஸ்ட் 17-ல் குஜராத்தில் தியோதர் பக்கத்துக் கிராமங்களில் ஒரு கல் விழுந்து சிதறியது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் துண்டுகளைச் சோதித்து, ஆப்ரைட் என்ற அபூர்வ வகை என்று சொன்னார்கள். நாட்றம்பள்ளிக்கும் சூளகிரிக்கும் ஒரே மாநிலம். ஒன்றில் அறிக்கை முந்தியது, இன்னொன்றில் ஆய்வு முந்தியது. பலனைப் பாருங்கள்.

இப்போது விலைக்காரரிடம் திரும்புவோம். அவர் முழுப் பொய்யும் சொல்லவில்லை. செவ்வாய்க் கல்லுக்கு விலை உண்டு. 2025 ஜூலையில் நியூயார்க்கில் சதபீஸ் ஏலத்தில் 24 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு செவ்வாய்க் கல் 53 லட்சம் டாலருக்குப் போயிற்று. நம் பணத்தில் சுமார் 45 கோடி. ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டுப் பாலைவனத்தில் 2023-ல் எடுத்த கல் அது. பூமியில் கிடைத்த செவ்வாய்க் கற்களிலேயே பெரியது. அதுவும் ஒரு ஷெர்காட்டைட்தான்.

ஆனால் அந்த 45 கோடியில் நைஜருக்கு என்ன கிடைத்தது? எங்கள் கல் எப்படி வெளியே போனது என்று விசாரணை நடத்தப்போவதாக அந்த அரசு அறிவித்தது. அவ்வளவுதான். விலை மட்டும் தெரிந்து விலாசம் எழுதத் தெரியாத நாட்டுக்கு நடப்பது இதுதான். கல் போய்விடும், கணக்கும் போய்விடும், பேச்சு மட்டும் மிச்சம்.

இன்னொன்றையும் அந்தப் புரோக்கர் சொல்லமாட்டார். அந்த ஏலக் கல்லுக்கு விலை வந்தது, அது கறுப்பாகவும் கனமாகவும் இருந்ததால் அல்ல. முதலில் ஒரு துண்டை அறுத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்து, செவ்வாய்க் கல்தான் என்று உறுதிப்படுத்திய பிறகுதான். எப்படிச் சோதிப்பார்கள்? கல்லை ஒரு மில்லிமீட்டரில் முப்பத்து மூன்றில் ஒரு பங்கு கனத்துக்குத் தேய்ப்பார்கள். வெளிச்சம் ஊடுருவும். நுண்ணோக்கியில் பைராக்சீன் இருக்கிறதா, மாஸ்கெலினைட் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு பைராக்சீனில் இரும்புக்கும் மாங்கனீஸுக்கும் உள்ள விகிதம். பூமிக்கு ஒரு விகிதம், நிலாவுக்கு ஒரு விகிதம், செவ்வாய்க்கு ஒரு விகிதம். வீட்டுக்கு வீடு சாம்பார் ருசி மாறுகிற மாதிரி. கடைசியாக ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் அளவு. அது கைரேகை, ஏமாற்ற முடியாது. இதில் முதல் படிக்கு வேண்டிய நுண்ணோக்கி, புவியியல் பாடம் நடத்துகிற எந்தக் கல்லூரியிலும் இருக்கும். திருச்சி நேஷனல் கல்லூரியில் அந்தத் துறை இருக்கிறது. தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் இருக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

சேலம் என்றதும் ஒன்று. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை என்று ஊர்கள். அங்கே உள்ள அனார்த்தோசைட் பாறை நிலாவின் மேட்டுநிலப் பாறையைப் போன்றது. சேலம் பல்கலைக்கழகப் புவியியல் துறை உதவியோடு அந்தக் கல்லை எடுத்துப் பொடியாக்கி, இஸ்ரோ பெங்களூரில் ஒரு நிலாத் தரையே உருவாக்கியது. ஐம்பது டன் அளவுக்கு மண். சந்திரயான் அதில்தான் ஒத்திகை பார்த்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவில் இறங்கியபோது நாமெல்லாம் டி.வி. முன்னால் கைதட்டினோமே, அந்தக் கைதட்டலில் ஒரு பங்கு நாமக்கல் கல்லுக்கும், அதன் கனிமங்களைப் பொறுமையாகப் படித்துவைத்திருந்த வாத்தியார்களுக்கும் சேரும். ஆக, நமக்குத் தெரியாத வித்தை இல்லை இது. மலையையே அறுத்து பாலிஷ் போட்டு ஏற்றுமதி செய்த மேலூர் இருக்கும் மதுரை ஜில்லாவில், கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். டன் கணக்கில் விற்கத் தெரியும். ஒரு கல்லைக் கேள்வி கேட்கத்தான் பழகவில்லை.

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. மாவட்டத்துக்கு ஒரு மேஜை போதும். ஏதாவது ஒரு அரசுக் கல்லூரியிலோ அருங்காட்சியகத்திலோ மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு புவியியல் ஆசிரியர் உட்காரட்டும். யார் வேண்டுமானாலும் எந்தக் கல்லையும் கொண்டுவரலாம். கசடு என்றால் கசடு என்று காசு வாங்காமல் சொல்லட்டும். சந்தேகப்படுகிற மாதிரி இருந்தால் புவியியல் ஆய்வுத் துறைக்கு அனுப்பட்டும். கொண்டுவந்தவர் பெயரும் கிடைத்த இடமும் பதிவேட்டில் ஏறட்டும். அந்த ஒரு மேஜை இருந்தால் இரிடியம் புரோக்கர்கள் பாதிப் பேர் வேறு தொழில் தேடுவார்கள். இன்னொரு நாட்றம்பள்ளி நடந்தால், அறிக்கை தயாராகுமுன் போன் செய்து கேட்க ஒரு நம்பராவது இருக்கும்.

செவ்வாயிலிருந்து நேரடியாகக் கல் எடுத்து வர நாசா போட்ட திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் ஆகும், 2040 ஆகிவிடும் என்று 2024-ல் அவர்களே கையைப் பிசைந்தார்கள். ஷெர்காட்டிக்கு அது சும்மா வந்து விழுந்தது. நாளைக்கு உங்கள் தெருவிலும் விழலாம். விழுந்தால் கையால் துடைக்காதீர்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், காந்தம் வைக்காதீர்கள். சுத்தமான காகிதத்தில் பொதிந்து வையுங்கள். தேதி, நேரம், இடம், கூட இருந்து பார்த்தவர் யார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே போடுங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் கல்.